காவேரிப்பட்டணத்தில் கரை இறங்கியது

பைபாஸில் ஆக்ஸில் முறிந்தபோது காலை ஏழேகால்.
பாகம் சேலத்திலிருந்து வரவேண்டும்.
டூர் நடத்தும் பவுல்தாஸ் முகம் வாடவில்லை,
அரை மணியில் இரண்டு வேன் பிடித்துவிட்டார்.
"ஒகேனக்கல்! பரிசல், மீன் வறுவல், எண்ணெய்க் குளியல்,
தலைக்குத் தொள்ளாயிரம்.
அஞ்சு மணிக்கு பஸ் இங்கிருந்து எடுக்கும்.
யாருக்காகவும் நிக்காது."

கடைசி வரியில் எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது.
பதினெட்டு வருஷம் அதே வரியை
ஒலிபெருக்கியில் நாலு பாஷையில் கேட்டவன்.
பயணிக் கப்பலின் அடித்தட்டில்
சலவைக்காரன்.

அமலோற்பவம் வேனில் ஏறினாள். "வரலியா?"
"நாகப்பட்டினத்தான் தண்ணி பாக்கக் காசு குடுக்கணுமா?"
"கஞ்சன்" என்றாள்.
அதுவும் உண்மைதான்.

ஊர்களை நான் படுக்கை விரிப்பில் பார்த்தவன்.
உதறினால் கறுப்பு மணல் கொட்டும், எரிமலைத் தீவு.
துண்டில் ஊதாக் கறை, திராட்சை விளையும் கரை.
எப்போதாவது மூன்று மணி நேரம் இறங்கவிடுவார்கள்.
சுற்றிக்காட்டும் பஸ்ஸுக்குச் சம்பளம் தாங்காது.
கப்பலின் புகைக்கூண்டு கண்ணில் படுமட்டும் நடப்பேன்.
மறைந்தால் திரும்பிவிட வேண்டும்.

இங்கே கூண்டுக்கு எங்கே போக?
பஸ்ஸுக்குப் பின்னால் மாம்பழக்கூழ் ஆலை,
அதன் தலையில் ஒன்று, வெள்ளையாகப் புகைந்தது.
போதும்.

ஒரு பலகையில் காவேரிப்பட்டணம்,
அடுத்ததில் காவேரிப்பட்டினம்.
எது சரி என்றேன் டீக்கடையில்.
"ரெண்டும்தான்."
"காவேரி எங்க?"
"இங்க ஏது காவேரி. அதா கீதே, தென்பெண்ணை."
"பட்டினம்னா கடல் இருக்கணுமே?"
"டீ ஆறிப் போவுது, குடி."

பாலத்தில் நின்றேன்.
பாறையோரம் நுரை ஒதுங்கியிருந்தது.
பெங்களூர் துவைத்த தண்ணி என்றான் சைக்கிள்காரன்.
என்ன சோப்பு என்று
மோந்து பார்க்கத் தோன்றியது எனக்கு.

கடைவீதியில் நிப்பட்டு நிறுத்த பெண்
ஒருவரிடம் தெலுங்கில் விலை பேசினாள்,
எதிர்க்கடைக்கு உருதுவில் சலித்துக்கொண்டாள்,
எனக்குத் தமிழில் எண்ணிக் கொடுத்தாள்,
ஒன்று உடைந்திருந்ததென்று ஒன்று கூட.

நாலு மணிக்கு நிமிர்ந்து பார்த்தால்
இரண்டு கூண்டு.
இரண்டிலும் வெள்ளைப் புகை.
நடந்தேன். அது என் கூண்டு இல்லை.

ஆலை வாசலில் இருபது டிராக்டர்,
எல்லாவற்றிலும் பெங்களூரா மாங்காய் குவிந்து,
வெயிலில் புளித்த வாசம்.
கடைசி வண்டியில் மாதேஸ், நேற்று ராத்திரியிலிருந்து.
"பைபாஸா? அது வேற ஃபேக்டரி" என்றான்.
ஒரு பழத்தைக் கீறிக் கொடுத்தான்.
"அண்ணா, பத்து நிமிசம் வண்டியப் பாத்துக்கறியா?
சோறு தின்னு ரெண்டு வேளை ஆச்சு."

யாருக்காகவும் நிக்காது, யாருக்காகவும் நிக்காது
என்று காதுக்குள் நாலு பாஷையிலும் ஓட
ஏறி உட்கார்ந்தேன்.
ஊர் பார்க்க வந்தவனை
ஊர் ஒரு வேலைக்கு வைத்துக்கொண்டது
அதுதான் முதல் தடவை.
இரண்டு ஆடு வந்தது, விரட்டினேன்.
வரிசை ஒரு வண்டி நகர்ந்தது, எனக்கு ஓட்டத் தெரியாது,
பின்னால் வந்து நின்றவன் ஹாரன் அடித்தான், கும்பிட்டேன்.
பத்து நிமிஷம் இருபத்தைந்து ஆனது.

பிறகு ஓடினேன்.
அறுபத்திரண்டு வயது, கையில் நிப்பட்டுப் பொட்டலம்.
ஐந்தே முக்கால்.
பஸ் அப்படியே ஜாக்கியின் மேல்.
டிரைவர் அடியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.
ஒருத்தர்கூட வந்து சேரவில்லை.

ஏழு மணிக்கு வேன் வந்தது.
தலை ஈரமாக இறங்கினாள் அமலோற்பவம்.
"எப்படி?"
"பரிசல் சுத்துச்சு. கண்ண மூடிக்கிட்டேதான் இருந்தேன்."
நிப்பட்டைக் கடித்தாள்.
என் சட்டையைப் பார்த்தாள்,
மார்பில் உள்ளங்கை அகலம் மாம்பழக் கறை.
"சோப்பு போட்டா போயிடும்" என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.